உள்ளதைச் சொல்கிற டொக்டர்

எங்கள் டொக்டர் யாரையும் நிற்கவைத்துக்கொண்டு சாவுச் செய்தி சொன்னதில்லை. சத்திரசிகிச்சைத் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவார். தலையில் கட்டியிருந்த பச்சைத் துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்வார். காத்து நிற்பவர்களைப் பார்த்து, "இருங்கோ" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதுமே சிலர் அழத் தொடங்கிவிடுவார்கள். போகப் போக ஆஸ்பத்திரியில் நாங்கள் யாருமே நோயாளியின் ஆட்களைப் பார்த்து "இருங்கோ" என்று சொல்வதை விட்டுவிட்டோம். கதிரையைக் காட்டிச் சும்மா தலையை அசைப்போம்.

நான் அப்போது தாதிப் பயிற்சி முடித்து மன்னாருக்கு வந்த புதிது. போர்க்காலம். மன்னார்த் தீவுக்கும் எதிரேயுள்ள பெருநிலத்துக் கரையோர ஊர்களுக்கும் சேர்த்துச் சத்திரசிகிச்சை செய்ய அந்த ஒரு பெண்தான் இருந்தார். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். கலியாணம் செய்யவில்லை. மெலிந்த உடம்பு, ஆண்பிள்ளையைப் போல ஒட்ட வெட்டிய தலைமயிர், வேகமான நடை. தாதிகளை எல்லோரும் கூப்பிடுவதுபோல அவரும் என்னை "மிஸி" என்றுதான் கூப்பிடுவார்.

தலைமன்னாரிலிருந்து ஒரு நாள் ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் ஷெல் துண்டு. எவ்வளவோ பாடுபட்டும் ஆள் மேசையிலேயே போய்விட்டார். வெளியே மனைவி நின்றாள். டொக்டர் அவளைச் சுவரோரத்து நீள வாங்கில் இருத்தித் தானும் முழங்கால் முட்ட எதிரே இருந்துகொண்டார்.

"உங்கட அவர் செத்திட்டார் அம்மா. ஈரல் கிழிஞ்சுபோச்சு. ரத்தத்தை நிப்பாட்ட எங்களால ஏலாமப் போச்சு."

"டொக்டர், இன்னொருக்கா உள்ளுக்குப் போய்ப் பாருங்கோவன்."

"பாத்திட்டன் அம்மா. செத்திட்டார்."

பக்கத்தில் நின்ற பங்குச் சுவாமியாருக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணை உறவினர்கள் கூட்டிக்கொண்டு போனபிறகு, "பிள்ளை, கொஞ்சம் ஆறுதலாச் சொல்லக்கூடாதோ? ஆண்டவர் கூப்பிட்டிட்டார் எண்டு சொன்னா என்ன?" என்று கேட்டார்.

"பாதர், அப்பிடிச் சொன்னா அவை பாதியைத்தான் கேப்பினம். மிச்சப் பாதிக்காக வாசல்ல நிண்டுகொண்டே இருப்பினம். எங்கட கடற்கரையில எத்தினை பொம்பிளையள் அப்பிடி நிக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. வெட்டுறதெண்டா ஒரேயடியா வெட்டிப்போடவேணும். அப்பத்தான் காயம் ஆறும்."

எனக்கு டொக்டர்மேல் கோபம் வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன்.

அந்த எண்ணம் மாறியது என் அப்பாவால். வயிற்றுநோ என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரு முன்கோபி. யார் சொல்லும் கேட்கமாட்டார். டொக்டர் சோதித்துப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், பிறகு என்னை வெளியே அனுப்பாமலே சொன்னார்.

"ஐயா, இது புற்றுநோய். ஈரல் வரைக்கும் பரவியிட்டுது. வெட்டிப் பிரயோசனமில்லை. வாற நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் இருப்பியள் எண்டு நான் சொல்லமாட்டன்."

அப்பா எழுந்து சேட்டைப் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி பிள்ளை" என்றார்.

வீட்டுக்கு வந்து கூரைக்குப் புது ஓலை போட்டார். வள்ளத்தை அண்ணன் பெயருக்கு மாற்றினார். பல வருடங்களாகப் பேசாதிருந்த சித்தப்பாவைத் தேடிப் போய் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் சொன்னார், "எல்லாரும் என்னை ஏமாத்தப் பாத்தவை. அந்தப் பிள்ளைதான் என்னை மனுசனா மதிச்சுக் கதைச்சது."

அதற்குப் பிறகு டொக்டர் எங்கே கூப்பிட்டாலும் நான் போகிறவளானேன்.

டொக்டர் அதே தீவிலுள்ள ஓலைத்தொடுவாய்க்காரி. அவருடைய அப்பா சிறுவயதிலேயே இறந்துவிட்டார். அம்மா கருவாடு போட்டு விற்று டொக்டரையும் தம்பியையும் வளர்த்தார். விடுமுறை கிடைத்தால் என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அங்கே அவர் வேறு ஆள். நிலத்தில் சப்பணமிட்டு இருந்து, அம்மாவோடு சேர்ந்து மீன் கீறுவார். பாரை மீனின் முதுகில் கத்தியை வைத்தாரென்றால் ஒரே இழுப்பில் வால்வரை போகும். "டொக்டருக்குப் படிச்சு என்ன, உனக்குக் கத்தி பிடிக்கக் காட்டித்தந்தது நான்தானே" என்று அம்மா சீண்டுவார். டொக்டர் சிரிப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அந்த வீட்டில் மட்டும்தான் நான் கண்டேன். தாயும் மகளும் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பார்கள்.

தம்பிக்கு ஒரு பெண்குழந்தை இருந்தது. மூன்று வயது. ஒரு நாள் கரையில் கிடந்த நங்கூரத்தில் விழுந்து இடது புருவத்தைக் கிழித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் வழக்கம்போல, "நோகாதம்மா, நோகாது" என்று தொடங்கினேன். டொக்டர் என்னைத் தடுத்துவிட்டார். குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து, "குஞ்சு, நோகும். மாமி தைக்குமட்டும் நோகும். பிறகு நோகாது. சரியோ?" என்றார். அந்தக் குழந்தை அவரையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தது. அழவில்லை. தைத்து முடிந்ததும், "இப்ப நோகேல்ல மாமி" என்றது. டொக்டர் கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் ஊர் இருக்கமுடியாத இடமாயிற்று. சனங்கள் கூட்டங்கூட்டமாக இராமேஸ்வரத்துக்குப் படகேறினார்கள். தம்பியும் மனைவி பிள்ளையோடு போவதென்று முடிவெடுத்தார். அம்மாவையும் கூப்பிட்டார். அவர் மறுத்துவிட்டார். டொக்டர் கடல் சரியில்லை, பொறு என்று சொன்னார். தம்பி பொறுக்கவில்லை.

படகு நடுக்கடலில் கவிழ்ந்தது. தம்பியின் உடலும் மனைவியின் உடலும் கரையொதுங்கின. ஆஸ்பத்திரிக்கு அவற்றைக் கொண்டுவந்தபோது டொக்டர் கடமையில் இருந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. தானே கழுவி, தானே துணி மாற்றினார். குழந்தை கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோயிருக்கும் என்றுதான் எல்லோரும் எண்ணினோம்.

பிறகு அம்புலன்சில் ஓலைத்தொடுவாய்க்குப் போனோம். வீட்டுப் படலையடியில் என்னை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியே உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் எழுந்தது. ஒரே ஒரு தடவைதான். பிறகு ஒரு சத்தமுமில்லை. டொக்டர் வெளியே வந்து, "சொல்லியாச்சு" என்றார்.

அடக்கம் முடிந்தது. அம்மா அந்த வாரம் முழுவதும் கடற்கரையோரமாக நடந்து திரிந்தார், மீனவர்களைப் பிடித்து வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள். அடுத்த ஞாயிறு நான் டொக்டரோடு அந்த வீட்டுக்குப் போனேன். எங்களைக் கண்டதும் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டொக்டர் தட்டினார். கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் செய்தியை முகத்திலடித்தாற்போலச் சொல்லியிருப்பாள், தாய் மனம் அதைத் தாங்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

அந்த வருடமே ஓர் இளைஞனின் உடல் ஆஸ்பத்திரிக்கு வந்தது. கடலில் மூழ்கிச் செத்தவன் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். டொக்டர் பார்த்தார். மரண விசாரணையில் கூப்பிட்டுக் கேட்டபோது, "இவர் தண்ணியில சாகேல்ல. தண்ணியில போட முதலே செத்திட்டார். கழுத்தில காயம் இருக்கு" என்றார். இப்படிச் சொல்லவேண்டாம் என்று முதல்நாளே துவக்கோடு சிலர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் யார் ஆட்கள் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. விசாரணை முடிந்தபிறகு அவர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை கேட்கவில்லை, ஊரைவிட்டுப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுவாமியார்தான் டொக்டரைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தார். போகுமுன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். கதவு சாத்தியே இருந்தது. டொக்டர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா, நான் வெளிநாட்டுக்குப் போறன்" என்றார். உள்ளே ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டது. "அம்மாவைப் பாத்துக்கொள்ளும் மிஸி" என்று என்னிடம் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தவர் முதலில் முதியோர் இல்லமொன்றில் படுக்கை மாற்றும் வேலை செய்தார். அந்த நாட்டு மொழியைப் படித்து, அங்குள்ள பரீட்சைகளையெல்லாம் மறுபடி எழுதி, ஒவ்வொரு படியாக ஏறித் திரும்பவும் கத்தியைக் கையில் எடுக்க நெடுங்காலம் பிடித்தது. வடக்கே ஒரு சின்னக் கடற்கரை நகரத்தின் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணரானார். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். முதல் கேள்வி எப்போதும், "அம்மா சாப்பிடுறாவோ?" என்பதுதான். பிறகுதான் மற்றக் கதை.

நான் போனை ஓலைத்தொடுவாய்க்குக் கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். "மகள் கதைக்கிறா அம்மா" என்பேன். அவர் போனைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். மகளைப்பற்றி ஒரு கெட்ட சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நல்ல சொல்லும் வந்ததில்லை.

போர் முடிந்தபிறகு தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து சனங்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். அம்மாவின் பக்கத்துக் காணிக்கும் ஒரு குடும்பம் வந்தது. அம்மா அவர்களை விடமாட்டார். "நீங்கள் இருந்த முகாமில ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்ததோ? இடது புருவத்தில தையல் தழும்பு" என்று கேட்பார். திரும்பி வந்தவர் யாராயிருந்தாலும் அதே கேள்வி. வயதுபோன மனுசி புலம்புகிறார் என்று அவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். எனக்கும் அது புலம்பலாகத்தான் தெரிந்தது.

ஒரு நாள் டொக்டர் போனில் சிரித்தார். "மிஸி, நான் இப்ப இந்த ஊருக்கு விதானை மாதிரி" என்றார்.

மேயராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. எப்படி என்று கேட்டேன். அந்த நகரத்து ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று விடுதியை அரசாங்கம் மூட இருந்ததாம். போட்டியிட்ட மற்றவர்கள் எல்லோரும் அதை மூட விடமாட்டோம் என்று மேடையில் சத்தியம் செய்தார்களாம். இவர் எழுந்து, "அது மூடப்படும். அதை நிறுத்த மேயரால ஏலாது. வலி எடுத்த பொம்பிளையை நேரத்துக்குப் பக்கத்து நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க என்னால ஏலும். அதை நான் செய்வன்" என்றாராம். கூட்டத்தில் கூச்சல் போட்டார்கள். விடுதி மூடப்பட்டது. சனம் இவருக்கு வாக்குப் போட்டது.

"இஞ்சயும் சனத்துக்கு ஏமாந்து ஏமாந்து அலுத்துப்போச்சு" என்றார்.

அந்த நகரத்துக் கரையிலிருந்துதான், எங்கெங்கோ நாடுகளில் போருக்குத் தப்பி வந்தவர்கள் றப்பர் படகுகளில் ஏறி அக்கரைக்கு, இங்கிலாந்துக்குப் போகப் பார்த்தார்கள். படகுகள் கவிழ்ந்தன. விடியற்காலையில் நாயோடு உலாவப் போகிறவர்கள் உடல்களைக் கண்டு மேயருக்கு அறிவித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் தானே போனார். பொலிஸ் வருமுன் மணலில் முழந்தாளிட்டு முகத்தைத் துடைத்துவிடுவாராம். நகரத்துச் சேமக்காலையில் அவர்களைப் புதைக்க இடம் ஒதுக்கினார். அதற்காகவே சிலர் அவருடைய வீட்டுச் சுவரில் தாரால் கெட்ட வார்த்தைகளை எழுதினார்கள். அவர் அதை அழிக்கவில்லை. மழை வந்து கழுவும் என்றார்.

தூர நாடுகளிலிருந்து தாய்மார் மேயர் கந்தோருக்குப் போன் எடுப்பார்கள். மொழிபெயர்க்க ஆளை வைத்துக்கொண்டு இவரே பேசுவார்.

"உடல் கிடைச்சா, கிடைச்சதெண்டு சொல்லுறன் மிஸி. கிடைக்காட்டி, காணேல்ல எண்டு மட்டும் சொல்லுறன். செத்திட்டார் எண்டு சொல்லுறேல்ல."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "முந்தி நீங்கள் அப்பிடிச் சொல்லமாட்டியளே டொக்டர். ஒரேயடியா வெட்டவேணும் எண்டெல்லோ சொல்லுவியள்?"

"ஓம். முந்திச் சொன்னனான்தான்" என்றுவிட்டு வேறு கதைக்குப் போனார்.

பிறகு ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான நாடாளுமன்றத்துக்கு அவரைத் தெரிவு செய்தார்கள். எங்கள் ஊரில் அது பெரிய பேச்சாயிற்று. பக்கத்துப் பேசாலைச் சந்தியில் யாரோ அவருடைய படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டினார்கள். அம்மா அந்த வழியால் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வேறு ஒழுங்கையால் போனார்.

அந்த நாடாளுமன்றத்தில், கடலில் தத்தளிக்கிற படகுகளை மீட்கக் கப்பல்களை அனுப்பவேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. அதில் டொக்டர் பேசிய வீடியோவை வெளிநாட்டிலிருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கீழே தமிழில் எழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். என் போனில் அது வந்தபோது நான் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அவருக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. காட்டுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுந்து போனால் போகட்டும் என்று போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

பெரிய வட்டமான மண்டபம். நரைத்த தலையோடு டொக்டர் எழுந்து நின்றார். அம்மா எழுந்து போகவில்லை. நான் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன்.

"இங்கே இறந்தவர்களின் தொகையைப்பற்றிப் பேசுகிறீர்கள். அது கிடைத்தவர்களின் தொகை மட்டும்தான். போன மாதம் ஒரு தாய் எனக்குப் போன் எடுத்தாள். என் பிள்ளையைக் கண்டாயா என்று கேட்டாள். நான் காணவில்லை என்றேன். காணவில்லை என்று ஒரு தாய்க்குச் சொல்ல நான் பாதி வாழ்நாள் கழித்துத்தான் பழகிக்கொண்டேன்..."

அவ்வளவுதான். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார். சபையின் தலைவர் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த ஒருவர் அவருடைய கையைப் பிடித்து இருக்கையில் இருத்தினார்.

"இன்னொருக்காக் காட்டு பிள்ளை" என்றார் அம்மா.

மறுபடி காட்டினேன். அவர் விரலால் போனின் கண்ணாடியில் மகளின் முகத்தைத் தொட்டார். படம் நின்றுவிட்டது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளை வரச்சொல்லு" என்றார்.

நான் அன்றைக்கே போன் எடுத்தேன். தீர்மானம் தோற்றுவிட்டது என்று டொக்டர் சொல்லத் தொடங்கினார். நான் இடைமறித்து, "அம்மா உங்களை வரச்சொல்லுறா" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அந்த வாரமே வந்துவிட்டார்.

வாகனத்திலிருந்து இறங்கியவரை எனக்கே அடையாளம் காணச் சிரமமாக இருந்தது. வேகமாக நடக்கிற அந்தக் கால்கள் தயங்கித் தயங்கி வந்தன. அம்மா கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். டொக்டர் கட்டிலடியில் நிலத்தில் இருந்தார், முன்பு மீன் கீற இருப்பதைப் போல. அம்மா அவரைத் தாண்டி வாசலையே பார்த்தார்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

"ஆரையம்மா?"

"தம்பியின்ர பிள்ளையை."

நான் அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்று எண்ணிக் கிட்டப் போனேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எனக்கு மூளை கலங்கேல்ல மிஸி. அண்டைக்கு இவள் இந்த வீட்டுக்குள்ள வந்து என்ன சொன்னவள் எண்டு உனக்குத் தெரியுமோ? மூண்டு பேரும் செத்திட்டினம், பிள்ளையின்ர உடம்பு பழுதாப்போச்சு, அதால நானே கரையில குழி வெட்டித் தாட்டிட்டன் அம்மா எண்டு சொன்னவள். எந்தக் கரையில எண்டு கேட்டு நான் தலைமன்னார்மட்டும் நடந்தனான். ஒருத்தரும் ஒரு குழந்தையையும் புதைக்கேல்ல. ஒரு குழியையும் நான் காணேல்ல."

நான் டொக்டரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தது இரண்டு உடல்கள்தான் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் அவர் இப்படிச் சொன்னார் என்பது தெரியாது.

"என்ர பிள்ளை பொய் சொல்லாதவள்" என்று அம்மா தொடர்ந்தார். "சின்னனில கோப்பையை உடைச்சாலும் நான்தான் உடைச்சனான் எண்டு வந்து நிக்கிறவள். அவள் எனக்குப் பொய் சொல்லுறாள் எண்டா, அதுக்குள்ள ஏதோ பெரிய காரியம் இருக்கவேணும் எண்டு நினைச்சன். குழந்தை உயிரோட இருக்கு. எங்கேயோ குடுத்திட்டாள். இல்லாட்டித் தன்னோட கூட்டிக்கொண்டு போயிட்டாள். கேட்டால் பிள்ளைக்கு ஆபத்து வரும் எண்டுதான் சொல்லுறாளில்லை. அப்பிடித்தான் நினைச்சன். பிள்ளையைக் கொண்டந்து என்ர மடியில வைக்குமட்டும் இவளோட கதைக்கிறேல்லை எண்டு அந்தோனியாருக்கு முன்னால நிண்டு சொன்னனான். அந்தச் சபையில இவள் அழுததைக் கண்டபிறகு, இனி ஒளிக்கமாட்டாள் எண்டு நினைச்சுத்தான் கூப்பிட்டனான்."

டொக்டர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்கள் கரையில நிக்கக்கூடாது எண்டுதான் அப்பிடிச் சொன்னனான். அந்தப் பொம்பிளையள் எல்லாரையும் போல நீங்களும் ஒவ்வொரு நாளும் கரைக்குப் போய் நிக்கக்கூடாது எண்டு. முடிஞ்சுது எண்டு சொன்னா அழுதிட்டு எழும்பிவிடுவியள் எண்டு நினைச்சன்."

"அப்ப பிள்ளை?"

"தெரியாதம்மா."

"நீ காணேல்லையோ?"

"நான் காணேல்ல. ஒருத்தரும் காணேல்ல. அந்தப் படகில போன கொஞ்சப் பேரை இந்திய மீன்பிடிக்காரர் ஏத்திக்கொண்டு போனவை எண்டு நான் பிரான்சுக்குப் போனபிறகுதான் கேள்விப்பட்டனான். அதுக்குள்ள குழந்தை இருந்ததோ எண்டு விசாரிச்சனான். ஒருத்தருக்கும் தெரியேல்ல. சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்கக் கதவைத் தட்டினனான் அம்மா, போன் எடுத்தனான். நீங்கள் கதைக்கேல்ல. பிறகு எனக்கும் பயம் வந்திட்டுது."

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் மகளின் ஒட்ட வெட்டிய நரைத்த தலையில் கையை வைத்தார். அந்தக் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"ஒரு பொய்தானே சொன்னனீ" என்றார். "அதை நம்பாம, அதுக்குள்ள பிள்ளையை வச்சு வளத்துக்கொண்டு இருந்திட்டன்."

டொக்டர் அவருடைய மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் படலைக்கு வெளியே போய் நின்றேன். இந்தத் தடவை உள்ளே இரண்டு குரல்களும் கேட்டன.

அவர் திரும்பிப் போகவில்லை. அம்மாவுக்குத் தானே முகம் கழுவி, தானே கஞ்சி பருக்கினார். தாயும் மகளும் ஓயாமல் பேசினார்கள். தம்பியைப்பற்றி, அப்பாவைப்பற்றி, பிரான்சில் என்ன மீன் கிடைக்கும் என்பதுபற்றி. குழந்தையைப்பற்றி மட்டும் பேசவில்லை. மழைக்காலம் தொடங்க அம்மா போய்விட்டார். கடைசியாக அவர் மகளிடம் கேட்டது, முகாமிலிருந்து இன்னும் ஆட்கள் திரும்பி வருகிறார்களா என்பது.

"வருகினம் அம்மா" என்றார் டொக்டர்.

"கேட்டுப் பார்" என்றார் அம்மா.

அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் டொக்டர் நாடாளுமன்றப் பதவியை விட்டுவிட்டதாக எழுதி அனுப்பினார். அந்த நகரத்து மக்கள் வருந்திக் கேட்டார்கள், மறுபடி மேயராகவாவது வாருங்கள் என்று. அவர் மறுத்துவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து விமானமேறித் தமிழ்நாட்டுக்குப் போனார். முகாம் முகாமாகப் போகிறார். முகாம் வாசலில் நிற்கிற அதிகாரிக்கு, கோயில் சுவாமியாருக்கு, கடைக்காரருக்கு, தண்ணீர் அள்ள வருகிற பெண்களுக்கு, எல்லோருக்கும் ஒரே கேள்வி. இப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கக்கூடிய ஒரு பெண். இடது புருவத்தில் தழும்பு. அந்தத் தையலைப் போட்டது நான்தான், கண்டால் எனக்குத் தெரியும் என்கிறாராம்.

இவ்வளவு காலம் தியேட்டரில் வேலை செய்த எனக்கு, மூன்று வயதுக் குழந்தையைக் கடல் என்ன செய்யும் என்று தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேறு ஒருத்தி இப்படி அலைந்திருந்தால் அந்தக் காலத்தில் அவர் அவளை வாங்கில் இருத்தி என்ன சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். போன் எடுக்கும்போதெல்லாம் அதை நானாவது சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். அவருடைய குரலைக் கேட்டதும் வாய் வராது.

நேற்றும் எடுத்தார். மதுரைக்குக் கிட்ட ஒரு முகாமில் நின்றார். பின்னால் சனங்களின் இரைச்சல் கேட்டது.

"இஞ்சயும் இல்லை மிஸி. ஒரு பிள்ளைக்குப் புருவத்தில தழும்பு இருந்தது. நான் கையால தடவிப் பாத்தன். என்ர தையல் இல்லை."

"ஓம் டொக்டர்."

"நாளைக்கு இன்னொரு முகாமுக்குப் போறன். அங்க மன்னார்ச் சனம் கனபேர் இருக்கினமாம்."

"போங்கோ டொக்டர்" என்றேன். "சாப்பிட்டிட்டியளோ?"

"இன்னும் இல்லை."

"முதல்ல ஏதாவது சாப்பிடுங்கோ. பிறகு போகலாம்."